லாகினுக்கு மார்க் போடலாமா?

கடிதத்தின் சுருக்கம்

தென் மாவட்டம் ஒன்றில், பல்கலைக்கழக இணைப்பு பெற்ற சுயநிதி கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கும் வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். முதலாமாண்டு பி.காம். வகுப்புக்கு நிதிக் கணக்கியல் எடுக்கிறார். வகுப்பில் 58 பேர். பெரும்பாலும் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள். கல்லூரியில் சென்ற ஆண்டு மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தைப் போட்டிருக்கிறார்கள். பாடக் குறிப்பு, வீடியோ, குவிஸ், அசைன்மென்ட் எல்லாம் அதில்தான்.

அவர் எழுதியதிலிருந்து: "14 பேர் இரண்டு வாரமாக லாகின் செய்யவே இல்லை. ஒரு மாணவி வாரத்தில் ஐந்து நாளாவது நள்ளிரவு 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் உள்ளே வருகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு பையன் 10 கேள்வி குவிஸை 4 நிமிடத்தில் முடித்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறான், காப்பிதான். இன்னொருவன் ஒரு வீடியோகூடத் திறந்ததில்லை, ஆனால் டெஸ்டில் 80 எடுக்கிறான். துறைத்தலைவர் இன்டர்னல் 25-இல் 5 மதிப்பெண்ணை லாகினுக்கு ஒதுக்கச் சொல்கிறார். வராதவர்கள் பட்டியலைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடவும் சொல்கிறார். நாக் (கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் அமைப்பு) குழு வரும்போது காட்டலாமாம். லாக்கை (யார் எப்போது வந்தார்கள், எதைத் திறந்தார்கள் என்று மூடில் வைக்கும் பதிவை) வைத்து யார் பெயிலாவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? நாங்கள் பார்க்கிறோம் என்பதை மாணவர்களிடம் சொல்ல வேண்டுமா?"

பதில்

யார் வரவில்லை என்று தேடிப் பார்க்கும் ஆசிரியர்கள் குறைவு. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அது நல்ல தொடக்கம். ஆனால் பார்த்ததிலிருந்து நீங்கள் வந்திருக்கும் முடிவுகளில் குறைந்தது மூன்று தவறாக இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றைச் சரிபார்த்துவிட்டுத் துறைத்தலைவரின் யோசனைக்கு வருவோம்.

முதலில் அந்த நள்ளிரவு மாணவி. அவளை அழைத்துப் பேசுவதற்கு முன் உங்கள் மூடில் கடிகாரத்தைச் சோதியுங்கள். புதிதாக நிறுவும்போது சர்வரின் நேர மண்டலத்தை மாற்றாமல் விட்டுவிடுவது சகஜம். அப்போது லாக்கில் தெரிவது நம் நேரம் அல்ல, ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய யூடிசி என்னும் உலகப் பொது நேரம். அந்தக் கணக்கில் 1 மணி என்பது நமக்குக் காலை 6.30, 3 மணி என்பது காலை 8.30. கல்லூரிப் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் படிக்கும் பிள்ளையாக இருக்கலாம் அவள். சோதிப்பது எளிது: நீங்களே ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு 'லைவ் லாக்ஸ்' அறிக்கையில் உங்கள் பெயருக்கு நேரே என்ன மணி காட்டுகிறது என்று பாருங்கள். கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் ப்ரொஃபைலில் நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று மாற்றுங்கள், பொது அமைப்பிலும் மாற்றச் சொல்லி அட்மினிடம் சொல்லுங்கள். நேரம் சரியாகத்தான் இருக்கிறது, அவள் உண்மையிலேயே நள்ளிரவில்தான் வருகிறாள் என்றால் அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து 4 நிமிடப் பையன். 10 கேள்விகளில் எத்தனை கணக்கு, எத்தனை நேரடி வரையறைக் கேள்வி என்று நீங்கள் எழுதவில்லை. பத்தும் வரையறைக் கேள்விகள் என்றால், படித்த மாணவனுக்கு ஒரு கேள்விக்கு 24 விநாடி தாராளம். தேய்மானக் கணக்கு ஐந்து இருந்தால் சந்தேகம் நியாயம். அப்போதும் அவன் காப்பியடித்தான் என்று லாக் சொல்லாது. கேள்விகள் முன்பே கைமாறியிருக்கலாம் என்றுதான் சொல்லும். அதற்கு மருந்து குவிஸ் அமைப்பில் இருக்கிறது. 10 கேள்வி கேட்க வேண்டுமென்றால் வினா வங்கியில் 30 கேள்வி போட்டு, அதிலிருந்து தற்செயலாக 10 வரும்படி வையுங்கள். கணக்குக் கேள்வியில் எண்களை மாற்றி மூன்று நான்கு வடிவம் செய்யுங்கள். பக்கத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்தால் ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்பதும் ஓரளவு தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு பேரின் ஐபி முகவரி (இணைய இணைப்பின் அடையாள எண்) ஒன்றாக இருக்கிறது, ஆகவே சேர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். விடுதி வைஃபையில் இருக்கும் எல்லோருக்கும் வெளியே ஒரே ஐபிதான். மொபைல் நிறுவனங்களும் முன்பின் அறியாத பலரை ஒரே பொது ஐபிக்குள் வைத்து அனுப்புகின்றன. ஐபியை ஆதாரமாகக் காட்டி மாணவனைக் குற்றம் சாட்டினால் அது விசாரணையில் நிற்காது, நிற்கவும் கூடாது.

வீடியோ திறக்காமல் 80 எடுப்பவன் விஷயத்தில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. யூடியூப் லிங்க் ஒன்றை மூடிலில் போடுகிறீர்கள். வகுப்புத் தலைவி அதை வாட்ஸ்அப் குழுவில் பகிர்கிறாள். மற்றவர்கள் அங்கிருந்தே பார்த்துவிடுகிறார்கள். பிடிஎஃப் கதையும் இதேதான்: ஒருவர் இறக்குவார், ஐம்பது பேருக்குப் போகும். வீடியோவை லேபிளுக்குள் (கோர்ஸ் பக்கத்திலேயே தெரியும் உரைப் பகுதிக்குள்) பதித்து வைத்திருந்தால் லேபிளைப் பார்த்ததாக மூடில் பதிவே செய்யாது. மூடில் ஆப்பில் முன்பே இறக்கி நெட் இல்லாமல் பார்த்தால் அந்தப் பதிவு பிறகு நெட் கிடைக்கும்போதுதான் வந்து சேரும். மறுபக்கம், 'பார்த்தார்' என்று பதிவாகியிருப்பவர் பக்கத்தைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். லாக்கில் பதிவாவது சொடுக்கு மட்டும்தான். இரண்டு சொடுக்குகளுக்கு நடுவே என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

லாகினுக்கு 5 மதிப்பெண்

வேண்டாம். இரண்டு காரணங்கள். முதலாவது விதி சம்பந்தப்பட்டது. இணைப்புக் கல்லூரிகளில் இன்டர்னல் மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்று பல்கலைக்கழக ஒழுங்குமுறையே பிரித்துக் கொடுத்திருக்கும்: டெஸ்ட், அசைன்மென்ட், செமினார், சில இடங்களில் வருகைப்பதிவு. அதில் இல்லாத ஒரு தலைப்பைத் துறை தானாகச் சேர்க்க முடியாது. தன்னாட்சிக் கல்லூரியானால்கூடப் பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுதினாலும் பதில் சொல்ல வேண்டியவர் மதிப்பெண் போட்டவர்தான், அதாவது நீங்கள்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு முக்கியம். இன்று அந்த 14 பேர் வரவில்லை என்பது உங்களுக்கு ஒரு தகவல். நாளை லாகினுக்கு மதிப்பெண் என்று அறிவித்தால் 58 பேரும் தினம் ஒரு முறை வந்துபோவார்கள். பாஸ்வேர்டைத் தோழியிடம் கொடுத்து அவள் போனிலிருந்தே நாலு பேர் லாகின் ஆவார்கள். அறிக்கை பச்சைப் பசேலென்று இருக்கும். யாருக்குச் சிக்கல் என்பதைக் கண்டுபிடிக்க உங்களிடம் இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிடும். கூடவே, சொந்த போன் இல்லாத பிள்ளைக்கு அதற்காகவே மதிப்பெண் குறையும்.

துறைத்தலைவரிடம் மறுப்பாகப் போகாமல் மாற்று யோசனையோடு போங்கள். "சார், லாகினுக்கு மார்க் வைக்க ரெகுலேஷன்ல இடம் இல்ல. அசைன்மென்ட்டுக்கு இருக்குற மார்க்கையே வாராவாரம் சின்ன சின்ன பயிற்சியா பிரிச்சு மூடில்ல வாங்கிக்கலாம். பத்துல சிறந்த எட்டு எடுத்துக்கறேன். நாக் ஃபைலுக்கும் இதுவே கனமா இருக்கும்" என்று சொல்லிப் பாருங்கள். நாக் மதிப்பீட்டில் எல்எம்எஸ் (மூடில் போன்ற கற்றல் தளம்) பயன்பாடும் மென்டர் (மாணவருக்கென ஒதுக்கிய வழிகாட்டி ஆசிரியர்) முறையும் கேட்கப்படுபவைதாம். லாகின் எண்ணிக்கை அச்சிட்ட தாளைவிட, யாருக்குச் சிக்கல் என்று கண்டு என்ன செய்தோம் என்ற பதிவேடு அங்கே அதிகம் பேசும். பத்தில் எட்டு என்பது தாராளத்துக்காக அல்ல. காய்ச்சல், ரீசார்ஜ் முடிந்தது, வீட்டு விசேஷம் என்று ஆளுக்கு இரண்டு வாரம் போகும். ஒவ்வொன்றுக்கும் கடிதம் வாங்கி ஃபைல் செய்யும் வேலை உங்களுக்கு மிச்சம்.

14 பேரைப் பிரித்துப் பார்ப்பது

14 பேர் ஒரே கூட்டம் அல்ல. பார்டிசிபன்ட்ஸ் பக்கத்தில் கடைசியாகக் கோர்ஸுக்கு வந்த தேதி இருக்கும். அதை வருகைப்பதிவேட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வகுப்புக்கு ஒழுங்காக வந்து, டெஸ்ட் எழுதி, மூடிலில் மட்டும் இல்லாதவர்கள் ஒரு பிரிவு. இவர்கள் பிரச்சினை பெரும்பாலும் கருவியில் இருக்கும். பாஸ்வேர்ட் மறந்திருப்பார்கள், மறுஅமைப்பு மெயில் அவர்கள் ஒருநாளும் திறக்காத கல்லூரி இமெயிலுக்குப் போயிருக்கும். 28 நாள் பேக் முடிந்திருக்கும். வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். நீங்கள் ஏற்றிய ஸ்கேன் பிடிஎஃப் 40 எம்பி இருக்கும். அதைச் சுருக்கி 2 எம்பிக்குக் கொண்டுவந்தாலே இரண்டு மூன்று பேர் திரும்பி வரலாம். இவர்களுக்கு அறிவுரை தேவையில்லை, கம்ப்யூட்டர் லேபில் அரை மணி நேரம் போதும்.

வகுப்புக்கும் வருவதில்லை, மூடிலிலும் இல்லை என்பவர்கள் இரண்டாவது பிரிவு. மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள். முதலில் பேச வேண்டியவர்கள் இவர்கள். வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கலாம், கட்டணம் கட்ட முடியாமல் இருக்கலாம், வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கலாம். இதில் எதையும் மூடில் உங்களுக்குச் சொல்லாது.

மூன்றாவது பிரிவு உங்கள் பட்டியலிலேயே இல்லை. தவறாமல் லாகின் செய்கிறார்கள், குவிஸும் எழுதுகிறார்கள், மதிப்பெண் மட்டும் 60, 45, 30 என்று இறங்கிக்கொண்டே போகிறது. லாகினையே பார்த்துக்கொண்டிருந்தால் இவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். கிரேடுபுக்கை (மூடிலின் மதிப்பெண் பட்டியலை) வாரம் ஒருமுறை திறந்து வரிசையாகப் பாருங்கள்.

அசைன்மென்ட் சமர்ப்பிக்காதவர்கள் என்று முடிவு கட்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அசைன்மென்ட் அமைப்பில் 'சப்மிட் பட்டனை அழுத்த வேண்டும்' என்ற விருப்பம் இயக்கத்தில் இருந்தால், மாணவர் ஃபைலை ஏற்றிவிட்டு அந்தக் கடைசிப் பட்டனை அழுத்தாமல் போனால் அது டிராஃப்ட்டாகவே நிற்கும். அவர் கொடுத்துவிட்டதாக நினைப்பார், நீங்கள் கொடுக்கவில்லை என்று நினைப்பீர்கள். நிலை என்ற பத்தியில் டிராஃப்ட் என்று இருப்பவர்களைத் தனியாக எண்ணுங்கள். முதலாமாண்டு வகுப்புக்கு அந்த விருப்பத்தை அணைத்துவிடுவதே நல்லது. போன் கேமராவில் எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் 4, 5 எம்பி இருக்கும். ஃபைல் அளவு வரம்பு 2 எம்பி என்று இருந்தால் அங்கேயும் கதவு சாத்தப்படும். மாணவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், விட்டுவிடுவார்கள்.

யார் பெயிலாவார்கள் என்று தெரியுமா?

உறுதியாகத் தெரியாது. மூடிலிலேயே 'இடையில் நின்றுவிடும் அபாயம் உள்ள மாணவர்கள்' என்று கணிக்கும் மாதிரி ஒன்று இருக்கிறது. ஆனால் தொடக்க, முடிவுத் தேதிகளோடு முடிந்துபோன பழைய கோர்ஸ்களை வைத்துத்தான் அதைப் பழக்க வேண்டும். ஓராண்டு வயதுள்ள உங்கள் தளத்தில் அதற்குத் தீனி இல்லை. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் மாணவர்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு காட்டும் முறையைக் கொண்டுவந்து, அதனால் படிப்பைத் தொடர்பவர்கள் கூடிவிட்டார்கள் என்று சொன்னது. 2013-இல் அந்தக் கணக்கைப் பலர் கேள்வி கேட்டார்கள்: கல்லூரியில் தங்கியிருந்ததால்தான் அவர்களுக்கு அந்த விளக்கு முறை உள்ள கோர்ஸ்கள் கூடுதலாகக் கிடைத்தன, விளக்கினால் தங்கினார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று. பெரிய இடத்திலேயே இந்தக் குழப்பம் என்றால், 58 பேரை வைத்து ஜோசியம் பார்க்காமல் இருப்பது நல்லது.

கணிப்புக்குப் பதில் எளிய மூன்று அடையாளங்கள் போதும்: அடுத்தடுத்து இரண்டு சமர்ப்பிப்புகள் வராதது, குவிஸ் மதிப்பெண் 40-க்குக் கீழ் போனது அல்லது தன் சராசரியிலிருந்து 20 சரிந்தது, பத்து நாளுக்கு மேல் மூடிலுக்கும் வகுப்புக்கும் வராதது. இதில் ஒன்று இருந்தால் கவனியுங்கள், இரண்டு இருந்தால் அந்த வாரமே பேசுங்கள். திங்கள்கிழமை 20 நிமிடத்தில் முடியும் வேலை. கோர்ஸ் பார்டிசிபேஷன் அறிக்கையில் குறிப்பிட்ட அசைன்மென்டைத் தேர்ந்து, மாணவர்கள் மட்டும் என்று வைத்தால் யார் செய்யவில்லை என்பது ஒரே திரையில் வரும். அங்கிருந்தே எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பும் வசதியும் உண்டு. மூடிலுக்கு வராதவருக்கு மூடில் வழியாகவே மெசேஜ் அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லை என்று வருந்துவது நம் கல்லூரிகளில் வாடிக்கை. அதைச் செய்யாதீர்கள். நேரில் அல்லது போனில்.

செய்தி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி:

"வணக்கம்மா. கடைசி ரெண்டு அசைன்மென்ட் உன்கிட்ட இருந்து வரல. நெட், போன், பாஸ்வேர்ட் பிரச்சினையா, பாடம் புரியலையா, வேற ஏதாவதா? ஒரு வரி பதில் போடு. வியாழக்கிழமை லஞ்ச்ல ஸ்டாஃப் ரூம்ல இருப்பேன், வந்து பேசலாம். அசைன்மென்ட்டுக்குத் திங்கள் வரைக்கும் டைம் கொடுத்திருக்கேன்."

இதில் "நீ 16 நாளாக லாகின் செய்யவில்லை" என்ற வரி இல்லை என்பதைப் பாருங்கள். அது வந்தாலே மாணவி தற்காப்புக்குப் போய்விடுவாள். கடைசி வரியை எழுதும் முன் அசைன்மென்ட்டில் அவள் பெயருக்கு நேரே கால நீட்டிப்பைக் கொடுத்துவிடுங்கள். சொல்லிவிட்டுக் கொடுக்க மறந்தால் அவள் திரும்ப முயல மாட்டாள்.

உண்மையில் பயன்படும் அறிக்கை

கடிதத்தில் நீங்கள் குறிப்பிடாத ஒன்று குவிஸின் புள்ளிவிவர அறிக்கை. லாகின் அறிக்கையைவிட நூறு மடங்கு உதவும். ஓர் உதாரணம் சொல்கிறேன். இயந்திரத்தின் விலை 1,00,000 ரூபாய், எச்ச மதிப்பு 10,000, ஆயுள் 5 ஆண்டு. நேர்கோட்டு முறையில் ஆண்டுத் தேய்மானம் எவ்வளவு? விடை 18,000. தவறான தெரிவுகளாக 20,000, 22,000, 10,000 கொடுக்கிறீர்கள். ரெஸ்பான்ஸ் அனாலிசிஸ் பகுதியைத் திறந்தால் எந்தத் தெரிவை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று இருக்கும். வகுப்பில் பாதிப் பேர் 20,000 எடுத்திருந்தால் எச்ச மதிப்பைக் கழிக்க மறக்கிறார்கள். 22,000 எடுத்திருந்தால் கழிப்பதற்குப் பதில் கூட்டுகிறார்கள், அதாவது எச்ச மதிப்பு என்றால் என்னவென்றே பிடிபடவில்லை. இரண்டுக்கும் மறுநாள் வகுப்பில் நீங்கள் எடுக்க வேண்டிய பத்து நிமிடம் வேறு வேறு. இன்னொரு சாத்தியமும் உண்டு: கணக்கு தெரியும், 'ஸ்கிராப் வேல்யூ' என்ற ஆங்கிலச் சொல்தான் தடுக்கிறது. அதே கேள்வியைத் தமிழில் வாயால் சொல்லிக் கைதூக்கச் சொன்னால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதே அறிக்கையில் ஃபெசிலிட்டி இன்டெக்ஸ் என்பது அந்தக் கேள்வியில் வகுப்பு எடுத்த சராசரி சதவீதம். நான்கு தெரிவு உள்ள கேள்வியில் குருட்டாம்போக்கில் அடித்தாலே 25 வரும். ஆகவே 25-ஐ ஒட்டியிருந்தால் யாருக்கும் தெரியவில்லை என்று பொருள். டிஸ்கிரிமினேஷன் இன்டெக்ஸ், மற்ற கேள்விகளில் நன்றாகச் செய்தவர்கள் இதிலும் நன்றாகச் செய்தார்களா என்று சொல்வது. 58 பேர் வகுப்பில் அது 22-ஆ 28-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. மைனஸில் வந்தால் மட்டும் நில்லுங்கள். நன்றாகப் படிப்பவர்கள் தவறவிட்டு, படிக்காதவர்கள் சரியாக எடுத்திருக்கிறார்கள். அநேகமாக நீங்கள் விடைக்குறியீட்டைத் தவறாகப் பதிந்திருப்பீர்கள். அதைத் திருத்தி மறுமதிப்பீடு கொடுத்தால் எல்லோருக்கும் மதிப்பெண் சரியாகிவிடும்.

40-க்குக் கீழ் எடுத்தவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் பயிற்சித்தாள் தெரியும்படி அணுகல் கட்டுப்பாடு வைக்கலாம். இதில் இரண்டு இடங்களில் சறுக்குவார்கள். குவிஸே எழுதாதவருக்கு மதிப்பெண் எதுவும் இல்லை, ஆகவே '40-க்குக் கீழ்' என்ற நிபந்தனையில் அவர் வரமாட்டார். மிகவும் தேவைப்பட்டவருக்கு அந்தத் தாள் தெரியாமலே போகும். அவர்களைக் கையால் ஒரு குரூப்பில் சேர்த்து நிபந்தனையில் அதையும் கொடுங்கள், இரண்டில் ஒன்று பொருந்தினால் போதும் என்று. இரண்டாவது, நிபந்தனைக்குப் பக்கத்தில் உள்ள கண் குறியை மூடாவிட்டால், 'இது 40-க்குக் கீழ் எடுத்தவர்களுக்கு' என்ற வரி வகுப்பு முழுவதற்கும் தெரியும். பக்கத்துப் பெஞ்சுக்காரன் போனை எட்டிப் பார்த்தால் போதும், அந்தத் தாளை யாரும் தொட மாட்டார்கள்.

ஒரு மாத லாக்கை எக்செல்லில் இறக்கி, சமர்ப்பிப்புகள் எந்த மணி நேரத்தில் குவிகின்றன என்றும் பாருங்கள். இரவு 9 முதல் 11 வரை என்று வந்தால், உங்கள் மாணவர்கள் மாலையில் ஜவுளிக்கடையிலோ டெலிவரி வேலையிலோ இருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். மாலை 5 மணிக் கெடுவை இரவு 11.30 ஆக்குங்கள். தாமதங்களில் கணிசமான பகுதி அதோடு போய்விடும். அறிக்கையில் உங்கள் பெயரையும் ஒருமுறை தேடுங்கள்: சமர்ப்பித்து மூன்று வாரமாகத் திருத்தப்படாத அசைன்மென்ட் இருந்தால் நான்காவது வாரம் மாணவர்கள் குறைவது இயல்பு.

மாணவரின் உரிமை, பெற்றோர் குழு

சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். கட்டாயம் சொல்லுங்கள். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. உங்கள் முதலாமாண்டு வகுப்பில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள். குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதை அந்தச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. 2025 நவம்பரில் வெளியான விதிகள் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு தருகின்றன. அந்த விலக்கு கல்விப் பணிக்காகவும் மாணவரின் பாதுகாப்புக்காகவும் மட்டும்தான். முக்கிய விதிகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன என்றாலும் இப்போதே அந்த வரம்புக்குள் நிற்பது உங்களுக்குப் பாதுகாப்பு. பாடம் புரிகிறதா என்று பார்க்க லாக்கைப் பார்ப்பது வரம்புக்குள் வரும். வராதவர் பட்டியலை 58 குடும்பங்கள் இருக்கும் குழுவில் போடுவதை எந்தக் கல்விப் பணியில் சேர்ப்பது?

சட்டத்தை விட்டுவிடுவோம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பெண்ணின் வீட்டுக்கு "உங்கள் மகள் லாகின் செய்யவில்லை" என்றோ, அதைவிட மோசமாக "இரவு 2 மணிக்கு ஆன்லைனில் இருக்கிறாள்" என்றோ போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். போன் பறிபோகும். சில வீடுகளில் படிப்பே நிற்கும். வருகைக் குறைவைப் பெற்றோருக்குத் தெரிவிக்கக் கல்லூரியில் முறை இருக்கிறது, அது அந்த வழியில் போகட்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக. லாகின் தகவல் வீட்டுக்குப் போகவே வேண்டாம். வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் மாணவர்கள் அடுத்த முறை உங்களிடம் உண்மை சொல்ல மாட்டார்கள்.

வகுப்பில் சொல்வதற்கு நான்கு வாக்கியம் போதும்: "நீங்க எப்போ வர்றீங்க, என்ன சப்மிட் பண்றீங்கன்னு மூடில் பதிவு பண்ணுது. நானும் உங்க மென்டரும் அதைப் பார்ப்போம், யாருக்கு உதவி வேணும்னு தெரிஞ்சுக்க. அதுக்கு மார்க் கிடையாது, வீட்டுக்கும் போகாது. உங்க பதிவை நீங்க பார்க்கணும்னா என்கிட்ட வாங்க, காட்டறேன்." சொன்னபடி நடக்க முடியும் என்று துறைத்தலைவரிடம் உறுதி வாங்கிக்கொண்டு பிறகு சொல்லுங்கள்.

மென்டரை இடையில் சேர்க்கக் காரணம் உண்டு. 58 பேரையும் நீங்கள் ஒருவரே துரத்த முடியாது. இரண்டு அடையாளம் உள்ளவர்களின் பெயரை மட்டும் அவரவர் மென்டரிடம் கொடுங்கள். மற்ற பாடங்களில் எப்படி என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கணக்கியலில் மட்டும் சிக்கலா, எல்லாவற்றிலுமா என்பதைப் பொறுத்துப் பேச்சே மாறும்.

அந்த மாணவி

கடிகாரம் சரியாக இருந்து, அவள் உண்மையிலேயே இரவு 1 மணிக்கு மேல்தான் வருகிறாள் என்றால் முதலில் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். குறிப்பைத் திறக்கிறாள், குவிஸ் எழுதுகிறாள் என்றால் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் போன் அவள் கைக்கு வருகிறது என்பது முதல் ஊகம். தனியாக இருக்கும்போது "படிக்க எந்த நேரம் வசதியா இருக்கும்மா உனக்கு?" என்று கேளுங்கள். நேரத்தைக் குறிப்பிடாதீர்கள். தூக்கமின்மை, சோர்வு, யாரோடும் பேசாமல் ஒதுங்குவது ஆகியவற்றை நீங்களோ மென்டரோ கவனித்திருந்தால் கல்லூரி ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள். டெலி-மனஸ் என்ற அரசு மனநல உதவி சேவையின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணை வகுப்பு முழுவதற்கும் கோர்ஸ் பக்கத்திலேயே போட்டு வையுங்கள், அவளுக்கென்று தனியாகக் கொடுத்தது போல இருக்காது. ஃபோரத்திலோ மெசேஜிலோ யாராவது வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் எழுதினால் திங்கள்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே, அப்போதே போன் செய்யுங்கள், தனியாக விடாதீர்கள், முதல்வருக்குத் தெரிவியுங்கள்.

இந்த வாரத்துக்கு: நேர மண்டலம், டிராஃப்ட் பட்டியல், அந்த மூன்று நான்கு பேருக்குப் போன். துறைத்தலைவரைப் பார்ப்பதற்கு முன் பல்கலைக்கழக ஒழுங்குமுறையில் இன்டர்னல் பிரிவு உள்ள பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் முடிந்ததும், நீங்கள் எக்செல்லில் இறக்கிய லாக் ஃபைல்களை லேப்டாப்பிலிருந்தும் பென்டிரைவிலிருந்தும் அழித்துவிடுங்கள். மூல லாக் சர்வரில் எவ்வளவு நாள் இருக்க வேண்டும் என்பதை அட்மினிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.